இடித்த பட்டணமும் இடம் மாறிய மக்களும்



போன இதழில் நம் ஊர்த் தேர் வீதிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, நம் குடியிருப்பில் சிலர் படிக்கட்டில் நிறுத்திப் பேசினார்கள். பெரும்பாலோர் சொன்னது ஒரே விஷயம்: "சார், எங்க பழைய வீடும் அந்தத் தெருவுலதான் இருந்துச்சு." யோசித்துப் பார்த்தால், இந்த அடுக்குமாடியில் குடியிருக்கும் நாம் எல்லோருமே ஏதோ ஒரு பழைய வீட்டை விட்டு வந்தவர்கள்தான். சிலர் விற்றுவிட்டு வந்தோம், சிலர் பாகம் பிரித்துவிட்டு வந்தோம். நம்மில் பெரும்பாலோர் விரும்பி வந்தவர்கள். விரும்பாமல் கிளம்ப வேண்டியிருந்தவர்களின் கதையை இந்த முறை எழுதலாம் என்று தோன்றியது.

2004-ல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை வருவதற்கு முன்பு, நம் மாவட்டத்து மேல்முறையீடுகள் எல்லாம் சென்னைக்குத்தான் போகும். சித்தப்பாவின் நில வழக்குக்காக நானும் இரண்டு மூன்று முறை துணைக்குப் போயிருக்கிறேன். ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, காலையில் பாரிமுனையில் இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டு, சிவப்புக் கட்டடத்துக்குள் நுழைவோம். வழக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று மரத்தடியில் காத்திருப்போம். அந்த மண்ணில் ஒரு காலத்தில் ஒரு முழு ஊர் இருந்தது, தெருக்களும் கோயிலும் சந்தையும் இருந்தன என்பது அன்றைக்கு எனக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது.

முதலில் நம் ஊர்

சென்னைக்குப் போகும் முன்பு நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். நம் ஊருக்குப் பழைய பெயர் திருக்குருகூர். பதினான்காம் நூற்றாண்டில் பாண்டிய நாடு படையெடுப்புகளால் குலைந்தபோது, நம்மாழ்வார் திருமேனியைப் பாதுகாப்புக்காக மேற்கே மலையாள தேசத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. ஆழ்வார் இல்லாத ஊரில் ஆட்களும் குறைந்து, காடு மண்டிப் போனதாம். பிறகு திருவாய்மொழிப் பிள்ளை வந்து காட்டை வெட்டித் திருத்தி, ஆழ்வாரைத் திரும்ப எழுந்தருளச் செய்தார். உடையவருக்கு ஒரு கோயில் எழுப்பி, அதைச் சுற்றி வீதிகள் அமைத்து மக்களைக் குடியேற்றினார். அதன் பிறகே ஆழ்வார்திருநகரி என்ற பெயர் நிலைத்தது என்பது மரபு. அவருடைய சீடரான மணவாள மாமுனிகள் 1370-ல் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிள்ளை கோயிலைச் சரிசெய்ததோடு நிறுத்தவில்லை, சுற்றிலும் ஆட்களைக் குடிவைத்தார். சுவரும் கோபுரமும் மட்டும் சேர்ந்தால் ஊர் ஆகிவிடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பக்கத்துக் கடற்கரையில் இன்னொரு விதமான இடப்பெயர்வும் நடந்தது. பாண்டியரின் பழைய முத்துத் துறையான கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடலை விட்டு உள்ளே தள்ளிப்போனது. அடுத்துக் காயல் துறை எழுந்தது. மார்க்கோ போலோ எழுதிவைத்த பெரிய துறைமுகம் அதுதான். அதுவும் தூர்ந்தது. பழையகாயல் என்ற பெயரில் இருக்கும் 'பழைய' என்ற சொல்லே அதன் கதையைச் சொல்லும். வணிகமும் ஆட்களும் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் நகர்ந்தார்கள். அங்கே ஊரைக் காலி செய்யச் சொன்னது ஆறு. ஆற்றோடு யாரும் வழக்காட முடியாது. பல தலைமுறைகளாக மெதுவாக நடந்ததால், அவரவர் பார்த்துப் பார்த்து நகர்ந்துகொள்ள அவகாசமும் இருந்தது.

சென்னையில் நடந்தது வேறு. அங்கே காலி செய்யச் சொன்னவர்கள் மனிதர்கள், அதிலும் சில ஆண்டுகளுக்குள்.

கோட்டைக்கு வெளியே ஒரு பட்டணம்

1639-ல் நாயக்கரிடம் அனுமதி வாங்கி, அடுத்த ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம். கோட்டைச் சுவரை ஒட்டி வடக்கே இந்தியர்கள் குடியேறிய பட்டணம். அதைக் கருப்பர் பட்டணம் என்றார்கள். பெயரிலேயே இழிவு இருந்தாலும், ஊரின் உழைப்பெல்லாம் அங்கேதான் இருந்தது. கம்பெனி கப்பலேற்றியது துணி. அந்தத் துணியை நெய்தவர்கள், சாயம் போட்டவர்கள், தரம் பார்த்தவர்கள், வாங்கிக் கொடுத்த வணிகர்கள், வெள்ளைக்காரருக்கும் ஊராருக்கும் நடுவில் நின்ற துபாஷிகள், படகோட்டிகள், சுமை தூக்கியவர்கள் எல்லோரும் அந்தத் தெருக்களில் இருந்தார்கள். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலித்த ஊர்.

அதன் நடுவே சென்னகேசவப் பெருமாள் கோயில். 1640-களிலேயே கோயிலுக்கு மானியம் கொடுத்த ஆவணங்கள் இருக்கின்றன. கொடுத்தவர்களில் ஒருவர் கம்பெனியின் வணிகர் பேரி திம்மண்ணா. ஊரார் அதைப் பட்டணம் கோயில் என்றே அழைத்தார்கள். நூறு ஆண்டுகள் இப்படியே ஊர் வளர்ந்தது. வீடுகள் கோட்டைச் சுவருக்கு மிக அருகே வரை வந்துவிட்டன. அமைதியான காலத்தில் அது யாருக்கும் தொந்தரவாகத் தெரியவில்லை.

மூன்று முறை இடித்தார்கள்

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டைக்கு அருகே வீடுகள் இருந்தால், முற்றுகையிடுகிறவன் அவற்றில் மறைந்துகொண்டு சுடலாம். பீரங்கிக்கு எதிரே திறந்த வெளி வேண்டும் என்பது அந்தக் காலத்துப் போர்க்கலை. ஆகவே கோட்டையை ஒட்டிய தெருக்களைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். ஐரோப்பாவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 1749-ல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது. எதிரி தொடங்கிய வேலையை ஆங்கிலேயர் நிறுத்தவில்லை, தொடர்ந்தார்கள். அவர்களுக்கும் அதே திறந்த வெளி தேவைப்பட்டது. 1757-ஐ ஒட்டி, கோட்டையைப் பலப்படுத்தும் வேலைக்காகப் பட்டணம் கோயிலையும் இடித்தார்கள்.

1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை மறுபடியும் வந்தது. டிசம்பர் 14-ம் தேதி கருப்பர் பட்டணத்துக்குள் புகுந்து கொள்ளையடித்தது. கோட்டையிலிருந்து டிரேப்பர் தலைமையில் ஒரு படை வெளியே வந்து தெருக்களிலேயே சண்டை போட்டது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேரும் வரை, இரண்டு மாதங்களுக்கும் மேலாக முற்றுகை நீடித்தது. நடுவில் மாட்டிக்கொண்டது குடியிருந்த மக்கள்தான்.

முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் முடிவெடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த பழைய பட்டணத்தையும் படிப்படியாகத் தரைமட்டமாக்கினார்கள். கல்லறைகளையும் விடவில்லை. வெள்ளைக்காரர்களின் பழைய இடுகாடு ஒன்று அங்கே இருந்தது. அதன் சமாதிகளுக்குப் பின்னால் எதிரிகள் பதுங்கினார்கள் என்று, கல்வெட்டுப் பலகைகளைப் பெயர்த்துக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலய முற்றத்தில் கொண்டுபோய்ப் பதித்தார்கள்.

அங்கிருந்த மக்கள் வடக்கேயும் மேற்கேயும் முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் போனார்கள். அவை ஏற்கெனவே இருந்த பேட்டைகள். இப்போது அவையே புதிய கருப்பர் பட்டணம் ஆயின. காலியான நிலம் எஸ்பிளனேடு என்ற வெட்டவெளி ஆனது. அதன் எல்லையைக் காட்ட 1773-ல் தூண்கள் நட்டார்கள். இந்தத் தூணுக்கு இப்பால் யாரும் வீடு கட்டக் கூடாது என்பது அதன் பொருள். அவற்றில் ஒன்று இன்றும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில் நிற்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் நின்று பாருங்கள். இடிந்த ஊருக்கு அதுதான் மிச்சமிருக்கும் எல்லைக்கல்.

புது ஊருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று ஹைதர் அலியின் படைகள் வந்துபோன பிறகு சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவர்ச் செலவுக்கு மக்களே வரி கொடுக்க வேண்டும் என்று பேச்சு எழுந்ததன் நினைவுதான் வால்டாக்ஸ் சாலை என்ற பெயர். ஊரை இடித்தது ஒருவர் முடிவு. அடுத்த ஊரைக் காக்கச் செலவு கேட்டது இன்னொருவரிடம்.

யாருக்கு என்ன கிடைத்தது

கோயில் கதைக்கு நல்ல முடிவு உண்டு. இடித்த கோயிலுக்கு ஈடாக வேறிடத்தில் நிலம் தரக் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஆளுநர் பிகட்டின் துபாஷியாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் தாமும் கொடுத்து, ஊராரிடமும் பணம் திரட்டி, 1760-களில் சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோயில்கள் எழுப்பினார். பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் இன்றும் அவை இருக்கின்றன. பழைய கோயில் இருந்த இடத்தில் 1892-ல் உயர் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது.

நம் ஊரில் நடந்தது போலவே அங்கேயும் தெய்வம் திரும்ப எழுந்தருளியது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கோயிலுக்காகப் பேச ஒரு முதலியார் இருந்தார். ஆளுநர் வரை போய்ப் பேசக்கூடிய செல்வாக்கு அவருக்கு இருந்தது. ஓலைக் குடிசையில் தறி வைத்திருந்த நெசவாளிக்காகவும், வாடகைக்குக் குடியிருந்த படகோட்டிக்காகவும் அப்படிப் பேசியவர் யார்? வரலாற்றில் நமக்குக் கிடைப்பது முதலியாரின் பெயர். நெசவாளியின் பெயர் கிடைக்கவில்லை. இது அந்தக் காலத்துக்கு மட்டும் உரிய குறை அல்ல. இடிப்பு எங்கே நடந்தாலும் பத்திரம் வைத்திருப்பவரின் இழப்பு கணக்கில் வரும். பத்திரம் இல்லாதவரின் இழப்பு கணக்கிலேயே வராது.

அதே மண்ணில் அடுத்தடுத்து

1906-ல் வேல்ஸ் இளவரசர் வருகையை ஒட்டிக் கருப்பர் பட்டணத்துக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றினார்கள். பிறகும் அந்தப் பகுதி ஆட்களை இறக்குவதும் ஏற்றுவதுமாகவே இருந்தது. 1962-க்குப் பிறகு பர்மாவிலிருந்து கடையையும் வீட்டையும் விட்டுத் திரும்பிய தமிழர்கள் பலர் பிழைப்புக்கு வந்து நின்ற இடம் பாரிமுனைக் கடற்கரைச் சாலை. 1969-ல் அவர்களுக்காக உருவானது பர்மா பஜார். ஓர் ஊரை இடித்த இடத்தின் ஓரத்தில், வேறொரு நாட்டில் ஊரை இழந்தவர்கள் கடை போட்டார்கள்.

கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. வெளியூர்ப் பேருந்துகள் 2002-ல் பிராட்வேயிலிருந்து கோயம்பேட்டுக்குப் போயின. இப்போது நம் ஊரிலிருந்து போகும் பேருந்து கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகிறது. நெரிசல் குறைந்தது உண்மை. சந்தைக்குப் பக்கத்திலேயே குடியிருந்து மூட்டை தூக்கியவருக்கு வேலைக்குப் போகப் பேருந்துக் காசு தேவைப்பட்டதும் உண்மை.

குடிசைப் பகுதிகள் விஷயத்தில் தமிழ்நாடு ஒரு நல்ல தொடக்கம் செய்தது. 1970-ல் குடிசை மாற்று வாரியம், 1971-ல் அதற்கான சட்டம். முதல் ஆண்டுகளில் பல இடங்களில் குடிசை இருந்த அதே இடத்திலேயே மாடிக் குடியிருப்புகள் கட்டினார்கள். வேலை, பள்ளிக்கூடம், உறவு எதுவும் அறுபடவில்லை. 2000-ஐ ஒட்டி வழி மாறியது. கூவம், அடையாறு கரைகளிலும் நகரத்தின் நடுவிலும் இருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கு ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். கண்ணகி நகரிலும் அதை ஒட்டிய எழில் நகரிலும் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த வேகம் கூடியது. ஆற்றங்கரையில் குடியிருப்பது ஆபத்து என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு, அவர் வேலை செய்யும் வீடு ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டால், கான்கிரீட் வீடு கிடைத்தும் சம்பளம் போய்விடும். படிப்பு நடுவில் பள்ளி மாறும் பிள்ளை சில சமயம் பள்ளியையே விட்டுவிடும்.

1985-ல் மும்பை நடைபாதைவாசிகள் தொடர்ந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும். அரசு அகற்றலாம், ஆனால் நோட்டீஸ் கொடுத்துக் கேட்டறிந்த பிறகே அகற்ற வேண்டும்.

சீனத்திலும் சிங்கப்பூரிலும்

பெய்ஜிங்கில் ஹூத்தோங் என்று சொல்லும் பழைய சந்துகள் உண்டு. நம் அக்ரஹாரத்து வீடுகள் போல நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். ஒரே முற்றத்தைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த இடங்கள் அவை. 2008 ஒலிம்பிக்கை ஒட்டிய ஆண்டுகளில் அவற்றில் பல தரைமட்டமாயின. இடிக்க வேண்டிய சுவரில் 'இடி' என்று பொருள்படும் ஒற்றைச் சீன எழுத்தை வட்டத்துக்குள் எழுதிவிட்டுப் போவார்கள். காலையில் கதவைத் திறந்தால் சுவரில் அந்த எழுத்து இருக்கும். ஷாங்காயில் ஷின்தியான்தி என்ற பகுதியில் பழைய கல்வாசல் வீடுகளின் முகப்பை அப்படியே அழகாக வைத்துக்கொண்டு, உள்ளே காபிக் கடைகளும் உணவகங்களும் வைத்தார்கள். 2001-ல் திறந்த அந்த இடத்தைப் பார்க்க உலகமே வருகிறது. அந்த வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தவர்கள் மட்டும் அங்கே இல்லை. நம் திருவாய்மொழிப் பிள்ளை செய்ததற்கு நேர் எதிர் இது.

சிங்கப்பூர் கதை கொஞ்சம் வேறு. 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ என்ற சீனக் குடிசைப் பகுதி தீப்பற்றி எரிந்து ஆயிரக்கணக்கான மக்கள் வீடிழந்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எரிந்த அதே இடத்தில் மாடி வீடுகள் கட்டிக் குடிவைத்தது. 1995-லிருந்து பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும் திட்டம் ஒன்றும் அங்கே உண்டு. முதலில் பக்கத்திலேயே புது வீடு, பிறகு பழையதை இடிப்பது, பக்கத்து வீட்டாரும் சேர்ந்தே போகலாம் என்பது அதன் முறை. அங்கேயும் மனக்குறைகள் உண்டு. ஆனாலும் வரிசை முக்கியம். வீடு முதலில், இடிப்பு பிறகு.

நமக்கு என்ன

இதெல்லாம் கருப்பர் பட்டணத்துக்கும் கூவக் கரைக்கும் உரியது, நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். நாம் குடியிருப்பதும் ஒரு கட்டடம்தான். கம்பி துருப்பிடிக்கும், கூரை ஒழுகும், ஒருநாள் இதையும் இடித்துக் கட்டும் பேச்சு வரும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 இப்போது நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வழி உண்டு. ஒருவர் மறுத்தாலே எல்லாம் நின்றுபோகும் நிலையை இது மாற்றுகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் மீதி மூன்றில் ஒரு பங்கில் யார் இருப்பார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடம் வாடகை வீட்டுக்குப் போய்வர உடம்பு இடம் கொடுக்காத பெரியவர்கள் இருப்பார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாகக் குடியிருக்கும் அம்மாக்கள் இருப்பார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டே கிடையாது. கீழே இஸ்திரி வண்டி வைத்திருப்பவரையும் காவலாளியையும் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

ஆகவே அந்த நாள் வருவதற்கு முன்பே சிலவற்றைப் பேசி வைத்துக்கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள். பத்திரம், பிரிவுபடா நிலப் பங்கு, பட்டா, வரி ரசீது ஆகியவற்றை ஒவ்வொருவரும் இப்போதே சரிபார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இடிப்பதாக இருந்தால் இடைக்கால வாடகை யார் கொடுப்பது, எத்தனை மாதம், தாமதமானால் என்ன என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்பதை ஓட்டெடுப்புக்கு முன் உட்கார்ந்து கேட்க வேண்டும். சங்கக் கூட்டத்தில் வாடகைக்கு இருப்பவர்களையும் பேச அழைக்க வேண்டும். கருப்பர் பட்டணத்தில் கோயிலுக்காகப் பேச ஒரு முதலியார் கிடைத்தார். ஒவ்வொரு முறையும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று நம்பியிருக்க முடியாது. அதற்காகத்தான் சங்கம் என்று ஒன்று இருக்கிறது.

இன்னொரு சின்ன வேண்டுகோள். நீங்கள் விட்டுவந்த பழைய வீட்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். எந்தத் தெரு, யார் கட்டியது, பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், எப்போது கிளம்பினீர்கள் என்பது போதும். எழுத முடியாதவர்கள் சாயங்காலம் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து சொன்னால் நானே எழுதிக்கொள்கிறேன். சங்கத்தில் ஒரு கோப்பு போட்டு வைப்போம். கருப்பர் பட்டணத்து நெசவாளியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. நம் பெயர்களாவது நம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும்.

வைகாசியில் ஒன்பது கருட சேவை பார்க்க வெளியூரிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். அப்போது அவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை பழைய தெருவுக்குப் போய், நம் வீடு இருந்த இடத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.